விண்டோஸில் மட்டும் விழும் 23 சோதனைகள்: தவிர்ப்பதா, திருத்துவதா?

ரசீதுக்காரன்:

வணக்கம். மாம்பலத்தில் ரயிலேறி நின்றுகொண்டே தட்டச்சு செய்கிறேன். ஒரு கை கம்பியில் இருப்பதால் நிரல் வரிகளை ஒட்ட முடியாது. எல்லாவற்றையும் வார்த்தையில் சொல்கிறேன்.

அசோக் நகரில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து பேர் நடத்தும் சிறு நிறுவனம் எங்களுடையது. மொத்த வியாபாரக் கடைகளுக்கு ரசீது, கணக்கு மென்பொருள் செய்கிறோம். மொழி பைதான். கோவிந்தப்பன் நாயக்கன் தெருவில் மஞ்சளும் மிளகாயும் விற்கும் கடைகள், கோயம்பேட்டில் வெங்காய மண்டிகள் என்று வாடிக்கையாளர்கள். அவர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் கணினியில் விண்டோஸைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. எழுதுகிற எங்கள் மேசைகளில் இருப்பதோ இரண்டு உபுண்டு, ஒரு மேக். சமையல்காரர் உண்ணாத சாப்பாடு என்று என் மனைவி சொல்வாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

எங்களிடம் 412 சோதனைகள் (மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகப் பார்க்கும் சிறு நிரல்கள்) இருக்கின்றன. போன மாதம் வரை அவை லினக்ஸில் மட்டுமே ஓடின, எப்போதும் பச்சை, அதாவது எல்லாம் தேறின. வருகிற பதிப்பில் தமிழ் ரசீதும் தானியங்கிக் காப்புப் பிரதியும் புதிதாக வருகின்றன. மனம் கேட்காமல் ரிச்சி தெருவில் ஒரு பழைய கணினி வாங்கி, விண்டோஸ் ஏற்றி, தண்ணீர்க் கேன் பக்கத்தில் வைத்து எல்லாச் சோதனைகளையும் ஓட்டினேன். 23 சிவப்பு.

முதலாளிக்குக் காட்டினேன். "ஆயுத பூஜைக்கு முன் கடைகளில் ஏற்ற வேண்டும். இருபத்து மூன்றையும் தவிர்த்துவிடு, பிறகு பார்க்கலாம்" என்றார். எங்கள் அலுவலகத்தில் 'பிறகு' என்பது எந்த நாட்காட்டியிலும் அச்சாகாத கிழமை.

சரி, சொன்னதைச் செய்வோம் என்று பைடெஸ்ட் என்ற பைதான் சோதனைக் கருவியின் ஸ்கிப்இஃப் குறியை ஒவ்வொன்றின் தலையிலும் வைக்க ஆரம்பித்தேன். 'சிஸ் பிளாட்ஃபார்ம்' என்ற மாறி தரும் இயங்குதளப் பெயருக்குள் 'வின்' என்ற எழுத்துகள் இருந்தால் தவிர்த்துவிடு என்பதுதான் நிபந்தனை. ஒன்பதுக்கு வைத்து முடித்தபோது இரண்டு தொல்லைகள்.

மேக் வைத்திருக்கும் சகா, அந்த ஒன்பதும் தன் கணினியிலும் ஓடவில்லை என்கிறார். நான் விண்டோஸுக்கு மட்டும்தானே வைத்தேன்?

அடுத்தது, ஒரு கோப்பில் உள்ள மூன்று சோதனைகளுக்கும் குறி வைத்த பிறகும், 'எஃப்சிஎன்டிஎல்' என்ற தொகுதி இல்லை என்று விண்டோஸ் அலறுகிறது. ஒரு சோதனைகூடத் தொடங்குவதற்கு முன்பே மொத்த ஓட்டமும் நின்றுவிடுகிறது. அந்தக் கோப்பைக் கையால் ஒதுக்கி வைத்து ஓட்டித்தான் 23 என்று எண்ணினேன் (அந்த மூன்றையும் சேர்த்து).

இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. எதைத் தவிர்க்கலாம், எதைத் தவிர்க்கக்கூடாது என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்? குரோம்பேட்டை வந்துவிட்டது, இறங்குகிறேன்.

சோதனைச்சாவடி:

தம்பி, முதல் தொல்லைக்கு விடை உங்கள் நிபந்தனையிலேயே இருக்கிறது. மேக் தன்னை என்ன பெயர் சொல்லிக்கொள்கிறது என்று பார்த்தீர்களா? 'டார்வின்'. அதன் வாலில் 'வின்' இருக்கிறது! விண்டோஸுக்கு வைத்த பொறியில் மேக் மாட்டிக்கொண்டது. விண்டோஸில் அதே மாறி 'வின்32' என்று சொல்லும். 64 பிட் கணினியாக இருந்தாலும் அதே 32தான். அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். விண்டோஸில் யுனிக்ஸ் போன்ற சூழலைத் தரும் சிக்வின் வழியாக ஓட்டினால் 'சிக்வின்' என்று வரும், அதிலும் வின். ஆகவே பெயர் 'வின்32'-க்குச் சமமா என்று கேளுங்கள், அல்லது 'வின்' என்று தொடங்குகிறதா என்று கேளுங்கள். உள்ளே எங்காவது இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நான் பதினான்கு ஆண்டுகளாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். இந்த ஒரே தவற்றை நான்கு வேறு வேறு குழுக்களில் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது: ஸ்கிப்இஃப் குறி வேலை செய்ய வேண்டுமானால் பைதான் முதலில் அந்தக் கோப்பைப் படித்து முடிக்க வேண்டும். உங்கள் கோப்பின் முதல் வரியிலேயே எஃப்சிஎன்டிஎல் இறக்குமதி ஆகிறது. அது யுனிக்ஸ் குடும்பத்துக்கு மட்டுமே உரிய தொகுதி, விண்டோஸில் கிடையாது. வாசலிலேயே தடுக்கி விழுந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் அறிவிப்பை யார் படிப்பது? இதற்கென்றே பைடெஸ்டில் 'இம்போர்ட்ஆர்ஸ்கிப்' இருக்கிறது. சாதாரண இறக்குமதிக்குப் பதிலாக அதைப் போடுங்கள். தொகுதி கிடைத்தால் கையில் கொடுக்கும். இல்லையென்றால் முழுக் கோப்பையும் அமைதியாகத் தவிர்க்கும். பாருங்கள், அதில் இயங்குதளத்தின் பெயரே வரவில்லை. 'நீ யார்' என்று கேட்காமல் 'உன்னிடம் இது இருக்கிறதா' என்று கேட்கிறது. முடிந்த இடத்தில் எல்லாம் நிபந்தனையை அப்படி எழுதுங்கள்.

பெரிய கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அந்த 23-இன் விவரம் வேண்டும். வகை பிரித்துப் போடுங்கள்.

ரசீதுக்காரன்:

டார்வின்! இரவு பதினொரு மணிக்குத் தனியாகச் சிரித்தேன். நன்றி அக்கா.

வகை பிரித்துவிட்டேன். எஃப்சிஎன்டிஎல் கோப்பில் 3; எங்கள் லினக்ஸ் சர்வரில் ஓடும் கோப்புப் பூட்டைச் சோதிப்பவை, கடைக்குப் போகாதவை. ரசீது அச்சுப்பொறி பதில் சொல்லாவிட்டால் நேரம் பார்த்து நிறுத்தும் சோதனை 1. 'சிக்அலார்ம்' என்ற நேர எச்சரிக்கை இல்லை என்கிறது. அதுவும் சர்வர் பக்கம்தான். கோப்பின் அனுமதியை எடுத்துவிட்டுப் படிக்க முயலும் சோதனை 1. தமிழ் ரசீதைக் கோப்பில் எழுதும் சோதனைகள் 7; 'சார்மேப்' எழுத முடியவில்லை என்று வருகிறது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் கோப்பை முடிவில் அழிக்கும் சோதனைகள் 5. வேறொரு செயல்முறை பயன்படுத்துகிறது என்று மறுக்கிறது. காப்புப் பிரதி 3. தேதி 2. நேர வலயம் 1.

சோதனைச்சாவடி:

கூட்டிப் பார்த்தேன், 23 வருகிறது. முதல் மூன்று வகைகளைத் தவிருங்கள், தூக்கம் கெடாது. சிக்அலார்ம் விண்டோஸில் இல்லவே இல்லை. அனுமதிச் சோதனையும் அப்படித்தான்: கோப்பின் அனுமதியை மாற்றும் பைதானின் சேமாட் கட்டளை, விண்டோஸில் 'படிக்க மட்டும்' என்ற ஒரு கொடியைத்தான் மாற்றும், வேறெதையும் செய்யாது. ஆனால் அதற்கும் விண்டோஸ் பெயரைப் போட்டு நிறுத்திவிடாதீர்கள். அதே சோதனையை லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓட்டிப் பாருங்கள், அங்கும் விழும்; ரூட்டுக்கு எந்தப் பூட்டும் பூட்டு இல்லை. டாக்கர் கொள்கலனுக்குள் (நிரலைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் முறை) பலர் ரூட்டாகத்தான் ஓட்டுகிறார்கள். அந்தக் காரணத்தையும் நிபந்தனையில் சேருங்கள்.

அந்த 5 முடிந்தது. மீதி 18-ஐத் தவிர்ப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எஸ்கியூலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பை 'வித்' என்ற நிரல் கட்டுக்குள் திறந்திருப்பீர்கள், கட்டு முடிந்ததும் மூடிவிடும் என்று நம்பியிருப்பீர்கள். கோப்புகளுக்கு அது உண்மை. எஸ்கியூலைட் இணைப்புக்கு அது உண்மையல்ல! அங்கே 'வித்' செய்வது பரிவர்த்தனையை உறுதி செய்வது, பிழை வந்தால் திரும்பப் பெறுவது, அவ்வளவுதான். இணைப்பு திறந்தே கிடக்கும். லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பையும் அழிக்கலாம், பெயர் போய்விடும், கோப்பு அதைப் பிடித்திருப்பவர் விடும்வரை வாழும். அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. விண்டோஸ் மறுக்கிறது. இங்கே விண்டோஸ் தொல்லை கொடுக்கவில்லை, உங்கள் கசிவைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்திருக்கிறது. பைதானின் 'கான்டெக்ஸ்ட்லிப்' தொகுதியில் 'குளோசிங்' இருக்கிறது, அதில் சுற்றுங்கள். ஐந்தும் ஒரே திருத்தத்தில் பச்சையாகும் என்று நினைக்கிறேன்.

தமிழ் ரசீது: கோப்பைத் திறக்கும்போது குறியேற்றத்தை (எழுத்துகளை எண்களாக்கும் முறையை) சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். சொல்லாவிட்டால் பைதான் அந்தக் கணினியின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளும். லினக்ஸிலும் மேக்கிலும் அது எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யூடிஎஃப்-8. ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில் அது பெரும்பாலும் 1252 என்ற பழைய மேற்கத்திய எழுத்துத் தொகுதி. அதில் 'அ' கூடக் கிடையாது. தமிழ் ரசீது என்று விளம்பரம் செய்துவிட்டு, விண்டோஸில் தமிழ் எழுதும் ஏழு சோதனைகளையும் விண்டோஸில் தவிர்த்தால், அந்த அம்சத்தை உலகத்தில் யார் சோதிக்கிறார்கள்? மிளகாய்க் கடைக்காரர்தான். திறக்கும் இடம் ஒவ்வொன்றிலும் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள்.

தேதி: நாளின் முன்னால் வரும் பூஜ்யத்தை நீக்க, சதவீதக் குறிக்கும் 'டி'க்கும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டிருப்பீர்கள். அது லினக்ஸ், மேக் வழக்கம், விண்டோஸுக்குப் புரியாது. தேதியிலிருந்து நாளை எண்ணாகவே எடுத்து அச்சிட்டால் எங்கும் ஓடும். நேர வலயம்: 'ஏசியா/கொல்கத்தா' கிடைக்கவில்லை என்கிறதல்லவா? பைதானின் 'சோன்இன்ஃபோ' வலயப் பட்டியலை இயங்குதளத்திடம் கேட்கும், விண்டோஸிடம் அந்த வடிவில் பட்டியல் இல்லை. 'டிசட்டேட்டா' தொகுப்பை நிறுவினால் போதும். மறக்காமல் கடைக்குப் போகும் நிறுவியிலும் சேருங்கள்.

காப்புப் பிரதிக்கு என்ன பிழை என்று நீங்கள் எழுதவில்லையே?

நடைமுறைவாதி:

சற்றே மாறுபடுகிறேன். அக்கா சொல்வது எல்லாம் சரி, பெரிய நிறுவனத்தில். ஐந்து பேர் கொண்ட இடத்தில், பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, 18 பிழைகளைத் துரத்துவது ஆடம்பரம். நானும் வேளச்சேரியில் இதே அளவு நிறுவனத்தில்தான் இருக்கிறேன். எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு, ஒவ்வொன்றின் காரணத்திலும் பிழைப் பதிவேட்டின் எண்ணை எழுதுங்கள். வெளியிட்ட பிறகு எண் எண்ணாகத் திருத்துங்கள். சோதனை வெறும் வழிகாட்டி. சம்பளம் கொடுப்பது கடைக்காரர்.

பழைய பெர்ல்:

நடைமுறைவாதி சொல்வதில் பாதிக்கு என் கைதட்டல். மீதிப் பாதிக்கு ஒரு பழங்கதை.

நான் பெர்ல் என்ற நிரல்மொழியின் காலத்து ஆள். 1987-இல் பெர்லின் முதல் பதிப்பு வந்தபோதே அதனுடன் சோதனைகளும் வந்தன. ஒவ்வொரு சோதனையும் 'ஓகே', 'நாட் ஓகே' என்று ஒரு வரி அச்சிடும், அவ்வளவுதான் நெறிமுறை. பின்னாளில் வந்த 'டெஸ்ட் மோர்' தொகுதியில் இரண்டு தனித்தனிக் கட்டுகள் உண்டு. ஒன்றின் பெயர் 'ஸ்கிப்', மற்றொன்றின் பெயர் 'டூடூ'. இயங்குதளம் செய்யவே முடியாததை ஸ்கிப்பில் போட வேண்டும். உள்ளே இருப்பது ஓடாது. நாம் இன்னும் சரிசெய்யாததை டூடூவில் போட வேண்டும். அது ஓடும், விழுந்தாலும் மொத்தக் கணக்கைக் கெடுக்காது. எதிர்பாராமல் தேறிவிட்டால் அதையும் சொல்லும். 'அவனால் முடியாது', 'நான் இன்னும் செய்யவில்லை' இரண்டுக்கும் தனித்தனி இடம். அதை வடிவமைத்தவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது.

ஸ்கிப்பில் இன்னொரு கண்டிப்பும் இருந்தது. எத்தனை சோதனைகளைத் தவிர்க்கிறாய் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு என்று திட்டம் போட்டுவிட்டு எண்ணிக்கை தவறினால், 'திட்டமிட்டது பன்னிரண்டு, ஓடியது பதினொன்று' என்று முகத்தில் அடிக்கும். அன்று எரிச்சலாக இருந்தது. (டார்வின் கதை பெர்லிலும் உண்டு. அங்கே டாலர், கூரைக் குறி, ஓ என்ற மாறி. விண்டோஸில் 'எம்எஸ்வின்32', மேக்கில் அதே 'டார்வின்'. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் 'வின்' தேடினால் அதே பள்ளம்.)

பைடெஸ்டில் டூடூவுக்கு இணையானது 'எக்ஸ்ஃபெயில்'. நேரமில்லாத பிழைகளுக்கு அதை வையுங்கள், 'ஸ்ட்ரிக்ட்' என்பதை உண்மை ஆக்கிவிடுங்கள். அப்போது யாராவது பிழையைத் திருத்திய நாளில், 'தேறிவிட்டதே, குறியை எடு' என்று ஓட்டம் சிவப்பாகும். ஸ்கிப் வைத்தால் அப்படி ஒரு நாள் வராது. சோதனை ஓடினால்தானே தேற முடியும். நடைமுறைவாதியின் பிழை எண்ணை அந்தக் குறியின் காரணத்தில் எழுதுங்கள், இருவருக்கும் சமாதானம்.

இன்னொன்று, ஓட்டும்போது 'ஆர்எஸ்' விருப்பத்தைச் சேருங்கள். தவிர்த்த ஒவ்வொன்றையும் காரணத்தோடு கடைசியில் பட்டியலிடும். அது இல்லாமல், புள்ளிகளுக்கு நடுவே 's' என்ற ஒற்றை எழுத்தாகக் கடந்து போவதை யாரும் பார்க்க மாட்டார்கள். காரணமாக 'விண்டோஸில் ஓடாது' என்று எழுதுபவரை என் காலத்தில் டீ வாங்க அனுப்புவோம்.

நடைமுறைவாதி:

எக்ஸ்ஃபெயில் யோசனையை ஏற்கிறேன், ஐயா. எங்கள் நிரலில் 60 ஸ்கிப்கள் இருக்கின்றன என்பதை இப்போதுதான் பட்டியலிட்டுப் பார்த்தேன். பாதிக்குக் காரணம் எழுதியவரே நிறுவனத்தில் இல்லை.

ரசீதுக்காரன்:

பதினோரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் இரண்டு நாள் மழை, மாடியில் தண்ணீர் ஒழுகி அந்த ரிச்சி தெருக் கணினியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

குறியேற்றம் 7: ஒரே மதியத்தில் முடிந்தது. எஸ்கியூலைட் 5: அக்கா சொன்னபடியே ஒரே திருத்தம். தேதி 2, வலயம் 1: மதிய உணவுக்கு முன்.

காப்புப் பிரதி 3-ஐத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் கோப்பின் பெயரில் நேரத்தைச் சேர்க்கிறோம், 'காப்பு 10:30' என்பது போல. லினக்ஸில் பிரச்சினை இல்லை. விண்டோஸில் அந்தச் சோதனை எந்த விதிவிலக்கும் எழுப்பவில்லை. எழுதும் வரி அமைதியாக வெற்றி பெற்றது, பிறகு கோப்புறையைப் பட்டியலிட்டால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை. அதற்குப் பதில் 'காப்பு 10' என்று ஒன்று இருந்தது, அளவு 0 பைட். அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பமைப்பில் முக்காற்புள்ளிக்குத் தனிப் பொருள் உண்டாம்: அதற்குப் பின்னால் வருவது அதே கோப்புக்குள் ஒளிந்திருக்கும் மாற்று ஓடையின் பெயர். தரவு முழுவதும் அந்த ஓடைக்குள் இருக்கிறது, கடைக்காரரின் கண்ணுக்குத் தெரிவது வெற்றுக் கோப்பு. அதை அவர் பென் டிரைவில் நகலெடுத்திருந்தால், அவற்றில் பெரும்பாலும் இருக்கும் கோப்பமைப்புக்கு ஓடையே தெரியாது, எல்லாம் போயிருக்கும். ஒரு வருடக் கணக்கு.

இந்த மூன்றுக்கும் நான் ஏற்கெனவே ஸ்கிப் வைத்திருந்தேன் என்பதை மறந்துவிடாதீர்கள். முதல் ஒன்பதில் இவையும் அடக்கம். முதலாளியிடம் அந்த 0 பைட் கோப்பைத் திரையில் காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் காபி வரவழைத்தார். இப்போது நேரத்தை முக்காற்புள்ளிக்குப் பதில் சிறு கோட்டால் பிரிக்கிறோம்.

தவிர்த்தவை அந்த 5 மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கான காரணம் எழுதியிருக்கிறேன், டீ வாங்கப் போக விருப்பமில்லை. எக்ஸ்ஃபெயில் தேவைப்படவில்லை.

ஆனால் ஒரு பின்குறிப்பு. டார்வின் நிபந்தனையைத் திருத்தியதும் மேக்கில் அந்த ஒன்பதும் உயிர் பெற்றன அல்லவா? அவற்றில் ஒன்று அங்கே விழுந்தது. காப்புப் பிரதியிலிருந்து கடையின் கோப்புறையைத் தேடி மீட்கும் சோதனை. மாதிரிக் கடையின் பெயர் 'கோமதி'. கோப்புறை கண்ணெதிரே இருக்கிறது, நிரலோ இல்லை என்கிறது. சகா தன் திட்டத்தைப் பழைய வெளி வட்டில் வைத்திருக்கிறார், அது மேக்கின் பழைய கோப்பமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் வடிவில் இருக்கிறது. அந்தக் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்துச் சேமிக்குமாம். நாம் தட்டச்சு செய்யும் 'கோ'வில் ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒரே யூனிகோடு எண். வட்டிலிருந்து திரும்பி வரும்போது அது ஏகாரக் கொம்பு, பின்னால் துணைக்கால் என்று இரண்டு எண்களாக இருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன, நீளத்தைக் கேட்டால் ஒன்று 5, மற்றொன்று 6.

ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி (பிரிந்த எண்களை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) வடிவத்துக்கு இயல்பாக்கினேன், தேறிவிட்டது. 'கொ', 'கோ', 'கௌ' மூன்றுக்கும் தனித்தனிச் சோதனை எழுதிவிட்டேன். இப்போது மொத்தம் 415.

சோதனைச்சாவடி:

'ஔ' தனி எழுத்தாக வரும்போதும் அப்படித்தான் பிரியும், தம்பி. 416 ஆக்கிவிடுங்கள்.